ஒட்டாவா மீனும் கியூபெக் மீனும்

தொலைபேசிக்குள் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பேரின்பநாதன் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி வாசிப்பு முடியட்டும் என்று காத்திருந்தார். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை.

"அப்பா, என்னட்டைத் தாங்கோ. காது சிவந்துபோச்சு," என்றாள் மகள் சாம்பவி.

"பொறு. இடையிலை ஆள் வந்தால்?"

"வந்தால் பிரெஞ்சிலை கதைப்பினம். நீங்கள் என்ன சொல்லுவியள்?"

பேரின்பநாதன் யோசித்தார். "பொஞ்சூர் எண்டுவன்."

"பேந்து?"

"பேந்து உன்னட்டைத் தருவன்."

ஆள் வந்தது. அவர் பொஞ்சூர் சொன்னார். ரிசீவர் கை மாறியது.

பேசியது கியூபெக் மாகாண அரசாங்கத்தின் மீன்பிடிப் பகுதியில் இருந்த ஒரு பெண். சாம்பவி கேட்பதும் தலையாட்டுவதும் நெற்றியைச் சுருக்குவதுமாக நின்றாள். கடைசியில் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு தகப்பனிடம் திரும்பினாள்.

"ஏரி, ஆறு, ஓடை எல்லாம் தங்கடையாம். கடல் மத்திய அரசாங்கத்தின்ரையாம், அதுதான் ஒட்டாவாவின்ரை. உப்புத் தண்ணியெண்டால் ஒட்டாவாவைக் கேக்கட்டாம்."

"அவ்வளவுதானே?"

"இல்லை. கடலிலையிருந்து ஆத்துக்கு ஏறி முட்டையிடுற மீன் சிலது இருக்காம். அதுகள் மட்டும் கியூபெக்கின்ரையாம். கடலுக்கை நிக்கேக்கையும் கியூபெக்கின்ரைதானாம்."

"கடல் ஒட்டாவாவுக்கு. அதுக்குள்ளை நிக்கிற மீன் கியூபெக்குக்கு?"

"சில மீன்."

"எது எவரின்ரை எண்டு மீனிலை எழுதியிருக்குமோ?"

"அப்பா, அதை நான் அவவிட்டைக் கேக்கமாட்டன்."

பேரின்பநாதன் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். எல்லைக்கல் எங்கே என்று பார்க்காமல் ஒருவன் வேலி போட்டால் அவன் பேரன் காலம்வரை வழக்கு நடக்கும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர். இங்கே, மொன்றியலில், குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். இந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு அரசாங்கத்தின் மீனைக் களவெடுத்தார் என்று பெயர் விழுந்தால், இரண்டு அரசாங்கமுமே கதவைச் சாத்திவிடும் என்று அவர் நம்பினார்.

இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் தூண்டில் தொட்டதில்லை. மனைவி பாலாம்பிகைக்காகத்தான் இந்தப் பாடு.

பாலாம்பிகை சாப்பிடுவதை விட்டுவிட்டாள். தட்டைப் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவாள். சோற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளுவாள். பிறகு எழும்பிக் கையைக் கழுவுவாள். பனி உருகிய காலத்தில் தொடங்கியது, கோடை முடிந்தும் நிற்கவில்லை. அவள் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பேரின்பநாதனுக்கு நெஞ்சு கனத்தது. தன் தட்டில் என்ன கிடக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. அவளுடைய கன்னம் இரண்டும் ஒரு சுற்று ஊதிப்போயிருந்ததையும் கவனித்தார். பட்டினி கிடந்தால் முகம் வீங்கும் என்று எங்கேயோ வாசித்த ஞாபகம் வர, இன்னும் பயந்தார்.

காரணம் அவருக்குத் தெரிந்ததுதான். தை மாதத்தில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய தம்பி இராணுவம் ஏவிய செல் விழுந்து செத்துப்போனான். போக வழியில்லை. அதற்குள் அவர் வேலை செய்த பெட்டி செய்யும் தொழிற்சாலையையும் பூட்டிவிட்டார்கள். அன்று சாப்பாட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தவர் பின் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். இங்கேயிருந்து அழுது என்ன ஆகப்போகிறது என்று அழவில்லை. போக இடமில்லாததால் வெளியே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, செயின்ட்-மிஷேல் குப்பைக் கிடங்கின் மேலே, கடலேயில்லாத ஊரில் கடற்காகங்கள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் செத்த துக்கம் பாலாம்பிகையைப் பிடித்துக்கொண்டது, பெண்களுக்கு மனம் இளகினது என்று நினைத்துக்கொண்டார்.

போன கிழமைதான் அவள் வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, எனக்கொரு ஆசை."

"சொல்லு."

"கடல்மீன் தின்னவேணும். கடையிலை ஐசுக்கை கிடக்கிறதில்லை. நீங்கள் கையாலை பிடிச்ச மீன். அதெண்டால் ரெண்டு வாய் இறங்கும்."

"நான் எங்கை போய்ப் பிடிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, தைக்கிற துணிகளை அள்ளிக்கொண்டு கீழ்வீட்டில் இருந்த ஊர்க்காரி அக்னெஸிடம் போய்விட்டாள். இரண்டு பேரும் ஒரு கம்பனிக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர்கள். மெஷின் அக்னெஸ் வீட்டில் இருந்தது.

கியூபெக்குக்கு அடித்த அடுத்த நாள் ஒட்டாவாவுக்குப் போன் எடுத்தார்கள். அங்கே இருந்த மனிதர் ஆங்கிலம் பேசியதால் பேரின்பநாதனே கதைத்தார். கொட் என்கிற மீனை, பிரெஞ்சுக்காரர் மொரூ என்கிற மீனை, தொடவே கூடாது என்றார் அவர். மீன் அழிந்துபோகிறது, எல்லாவற்றையும் மூடிவிட்டோம், பொழுதுபோக்குக்கும் கிடையாது. மக்ரல் பிடிக்கலாம். அதற்கு லைசன்ஸ் வேண்டாம்.

"லைசன்ஸ் வேண்டாம் என்பதற்கு ஒரு துண்டு தருவீர்களா?"

"எதற்கு?"

"யாராவது கேட்டால் காட்டுவதற்கு."

"வேண்டாத லைசன்ஸை யாரும் கேட்கமாட்டார்கள், ஐயா."

"சரி. கடல் எங்கே தொடங்குகிறது?"

"கிழக்கே," என்றார் அவர்.

பேரின்பநாதனுக்கு அது போதவில்லை. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போய்த் தூண்டில் தடியோடு கியூபெக் லைசன்ஸும் கேட்டார். கடலுக்கு இது தேவையில்லை என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். பிடிபட்டால் இந்த மனிதனா வந்து பக்கத்தில் நிற்கப்போகிறான் என்று நினைத்து வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் புதிய பயம் பிடித்தது.

"சாம்பவி, ஒட்டாவாவின்ரை கடலிலை கியூபெக் லைசன்ஸோடை நிண்டால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்?"

"என்ன நினைக்கிறது?"

"இப்ப தேர்தல் நேரம். கியூபெக் கனடாவிலையிருந்து பிரிஞ்சு போகவேணும் எண்டு ரோட்டெல்லாம் ஒட்டிவைச்சிருக்கிறாங்கள். கடலும் கியூபெக்குக்குத்தான் சொந்தமெண்டு நான் சொல்லுறமாதிரி இராதோ?"

சாம்பவி தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள். "ஒருக்கால் திருப்பி ஒட்டாவாவுக்கு அடிச்சுக் கேளுங்கோவன்," என்றாள்.

அடித்தார். அதே மனிதர்தான் எடுத்தார். குரலைக் கேட்டதுமே, "கிழக்கே, ஐயா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். டாக்ஸி ஓடும் நண்பன் நகுலேஸ்வரன் தன் வண்டியிலேயே கூட்டிப்போனான். பேரின்பநாதனைவிடப் பத்து வயது குறைந்தவன். வாய் மட்டும் இரண்டு பேருக்குக் காணும். மழை தூறிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் அறுத்த சோளக் காடு நனைந்து கிடந்தது.

"எங்கை அண்ணை நிப்பாட்டுறது?"

"உப்புக் கரிக்கிற இடத்திலை."

"அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"குடிச்சுப் பாக்கவேண்டியதுதான்."

கியூபெக் நகரப் பாலம் தாண்டி ஒரு தரம் இறங்கி, ஆற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தார். பச்சைத் தண்ணீர். மொன்மாக்னியில் ஒரு தரம். நாக்கைச் சப்பிப் பார்த்து, "ஐமிச்சம்," என்றார். இன்னும் தூரம் போய் ஒரு பாறையடியில் குனிந்து இரண்டு கை குடித்தார்.

"என்ன தீர்ப்பு?" என்றான் நகுலேஸ்வரன்.

"ஒட்டாவா. ஆனால் கொஞ்சம் கியூபெக்கும் கலந்திருக்கு."

"அண்ணை, கடலைக் குடிச்சு முடிச்சிட்டோ மீன் பிடிக்கப்போறியள்?"

பதில் சொல்ல நேரமில்லை. வயிறு கடகடத்தது. அதன்பிறகு ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் நிறுத்த வேண்டியதாயிற்று. ரிமூஸ்கி தாண்டி ஒரு சிறிய துறைமேடைக்கு வந்து சேர்ந்தபோது பகல் சரிந்துவிட்டது. அக்கரை தெரியவில்லை. சாம்பல் வானமும் சாம்பல் கடலும் எங்கே ஒட்டின என்று சொல்ல முடியாதபடி கிடந்தன. மேடையில் மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு பெண்ணும் அவள் புருஷனும் மட்டும் தூண்டில் போட்டபடி நின்றார்கள்.

அந்தப் பெண் இரை குத்திக் கொடுத்தாள். பேரின்பநாதன் வீசினார். முதல் வீச்சு நகுலேஸ்வரனின் தொப்பியைப் பிடித்தது. இரண்டாவது கடலில் விழுந்தது. விழுந்த கையோடு இழுத்தது.

"அண்ணை, சுத்துங்கோ! கெதியாச் சுத்துங்கோ!"

சாண் நீளத்துக்கு ஒரு மீன் மேலே வந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த உடம்பு, புள்ளிகள், நாடியில் ஒற்றை மீசை. பேரின்பநாதன் அதைக் கண்டதும் அவருடைய முகத்தில் இரத்தம் ஏறியது.

"பூலமோன்!" என்று கைதட்டினாள் மஞ்சள் சட்டைக்காரி.

"மொரூ," என்றான் புருஷன்.

"பூலமோன்!"

"மொரூக் குஞ்சு!"

நகுலேஸ்வரன் தன் டாக்ஸிப் பிரெஞ்சை வைத்து விசாரித்துக்கொண்டு வந்தான். அவன் முகம் சரியில்லை.

"அண்ணை, ரெண்டும் ஒரே சாடையான மீனாம். பூலமோன் ஆத்துக்கு ஏறுற சாதி. அது கியூபெக்கின்ரை, பிடிக்கலாமாம். மொரூ ஒட்டாவாவின்ரை, தொட்டால் கேஸாம்."

"இது எது?"

"அதுதான் அவையள் சண்டை பிடிக்கினம்."

பேரின்பநாதன் அவசரமாக வாளியில் கடல்தண்ணீர் அள்ளி மீனை அதற்குள் விட்டார். மீன் உயிரோடு சுற்றிவந்தது. கடலில் விட்டுவிடலாம். ஆனால் அது பூலமோனாக இருந்தால்? பாலாம்பிகையின் இரண்டு வாய்ச் சோற்றையல்லவா கடலில் கொட்டினதாகும். வைத்துக்கொள்ளலாம். மொரூவாக இருந்தால் குடியுரிமை போயிற்று.

"அண்ணை, ஒருத்தரும் காணேல்லை. ஒண்டில் விடுங்கோ, இல்லாட்டில் பையுக்கை போடுங்கோ."

"எல்லை தெரியாமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்."

வாகனத் தரிப்பிடத்தில் கியூபெக் வனப்பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வண்டிக்குள் இருந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். பேரின்பநாதன் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனார். வண்டியைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து நகுலேஸ்வரன் டாக்ஸிக்குள் ஓடி ஒளியப் பார்த்தான். மொழிபெயர்க்க வேறு ஆளில்லை என்பதால் பின்னாலே போனான்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "மொரூ. ஒட்டாவாவின் மீன். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

"அப்ப யாரிட்டை ஒப்படைக்கிறது?"

அதிகாரி சாண்ட்விச்சை வைத்துவிட்டு வண்டியின் வயர்லெஸில் பேசினார். பக்கத்து ஊரில் நின்ற மத்திய அரசு அதிகாரிக்கு அவர் சொன்னதை நகுலேஸ்வரன் மொழிபெயர்த்தான்: "ஒரு மனுசன் ஒரு மீனோடை வந்து சரணடைஞ்சிருக்கிறான், கெதியா வா எண்டு சொல்லுறார்."

ஒட்டாவாவின் ஆள் வந்தார். உயரமானவர், மூக்கில் மழைநீர் சொட்டியது. வாளிக்குள் பார்த்தார்.

"பூலமோன்," என்றார். "கியூபெக்கின் மீன்."

"மொரூ," என்றார் கியூபெக் அதிகாரி.

"இந்த மூஞ்சியைப் பார். பூலமோன்."

"இந்த மீசையைப் பார். மொரூ."

உலகத்தில் யாருக்கும் வேண்டாத மீன் அந்த வாளிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் சட்டைக்காரியும் புருஷனும் ஆளுக்கொரு அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் வாலைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வால் நுனி நேராக இருந்தால் ஒட்டாவா, வளைந்திருந்தால் கியூபெக். மீன் வாலை ஒரு இடத்தில் வைத்திருந்தால்தானே.

"தூக்கிப் பிடிக்கட்டாம்," என்றான் நகுலேஸ்வரன்.

பேரின்பநாதன் இரண்டு கையாலும் மீனை எடுத்து, நீதிபதிக்குச் சாட்சிப்பொருள் காட்டுகிறவரைப்போல உயர்த்திப் பிடித்தார். இரண்டு அதிகாரிகளும் கழுத்தை நீட்டினார்கள்.

மேலேயிருந்து ஒரு வெள்ளை நிழல் விழுந்தது. சிறகு அவர் காதில் அறைந்தது. கை வெறுமையாயிற்று.

கடற்காகம் கடலுக்கு மேலே போய், ஒரே விழுங்கலில் வழக்கை முடித்தது.

ஒட்டாவா அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கியூபெக் அதிகாரி பதில் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் பேரின்பநாதன்.

"கடற்காகம் நாடு விட்டு நாடு போற பறவையாம். அது ஒட்டாவாவின்ரை பொறுப்பாம்."

"மற்றவர் என்ன சொல்லுறார்?"

"அப்ப மீனும் இப்ப ஒட்டாவாவின்ரை வயித்துக்கைதான் எண்டுறார்."

பேரின்பநாதனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்து நகுலேஸ்வரன் முதுகைத் தட்டினான். இருமல் இல்லை, சிரிப்பு. வெறும் கைகளைப் பார்த்துச் சிரித்தார், வாளியைப் பார்த்துச் சிரித்தார், படகு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரிகளும் சிரித்தார்கள். பிறகு அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவரால் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியாது.

"தம்பி செத்துப்போனான்," என்றார் அந்த இரண்டு வெள்ளைக்காரரையும் பார்த்து, தமிழில். "நான் போகேல்லை. ஒருக்கால் முகத்தைப் பாக்கக்கூடப் போகேல்லை."

அவர்கள் நகுலேஸ்வரனைப் பார்த்தார்கள். அவன் மொழிபெயர்க்கவில்லை. ஒட்டாவா அதிகாரி தன் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். கியூபெக் அதிகாரி தன் மழைத்தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். மழை பெய்துகொண்டே இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் மக்ரல் கூட்டம் கரையோரம் வந்தது. நீல முதுகில் கறுப்பு வரி. ஊர்க் கும்பிளா மீனின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. அது ஒட்டாவாவின் மீன், லைசன்ஸ் வேண்டாம் என்று இரண்டு அரசாங்கமும் ஒரே குரலில் சொல்லின. பேரின்பநாதன் தன் கையாலேயே நான்கு பிடித்தார்.

வரும் வழியெல்லாம் நகுலேஸ்வரன் வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. பேரின்பநாதனே கதைத்தார். தம்பி சின்ன வயதில் மதில் ஏறி விழுந்த கதை, சைக்கிள் களவு கொடுத்த கதை, காணிக் கந்தோரில் ஒரு பனைக்காக நடந்த வழக்கு.

மறுநாள் மத்தியானம் பாலாம்பிகை பாதி மீனைக் குழம்பு வைத்தாள், மீதியைப் பொரித்தாள். பேரின்பநாதன் சமையலறை நடுவில் நின்று, அகப்பையை மீனாக உயர்த்திப் பிடித்து முழுக் கதையையும் நடித்துக் காட்டினார். கடற்காகம் வந்த இடத்தில் சாம்பவிக்குப் புரைக்கேறியது. பாலாம்பிகை சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் ஒரு துண்டு தின்றாள். இன்னொரு துண்டு தின்றாள். தட்டை வழித்தாள்.

பேரின்பநாதனுக்கு நெஞ்சு நிறைந்தது. சந்தோஷத்தில் தானும் மூன்றாந்தரம் சோறு போட்டுக்கொண்டார்.

பின்பக்க இரும்புப் படியால் அக்னெஸ் ஏறி வந்தாள். கையில் மூடிய தட்டு. வாசலில் பேரின்பநாதனின் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்கோ அக்னெஸ், வாங்கோ! இவவின்ரை தட்டைப் பாருங்கோ. டொக்டர் வேண்டாம், மருந்து வேண்டாம். நான் ரெண்டு அரசாங்கத்தோடை மல்லுக்கட்டிக் கொண்டுவந்த மீன், எத்தினை மாசத்துக்குப் பிறகு இவ வாய் வைச்சுச் சாப்பிட்டிருக்கிறா!"

பாலாம்பிகை கண்ணால் ஏதோ சைகை காட்டினாள். அக்னெஸ் அதைக் கவனிக்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கண் கலங்கியிருந்தது.

"அக்காவோ? அக்கா ஒவ்வொரு நாள் மத்தியானமும் என்ரை வீட்டிலை வயிறாரச் சாப்பிட்டிட்டுத்தான் மேலை வாறவ; இவ்வளவு மாசமும் சோறும் இறங்காமல், கதையும் இல்லாமல் அந்தக் கதிரையிலை கிடந்தது நீங்களெல்லோ, அண்ணை."